உப்பளத்துக்கு நடுவே ஒரு வலை

எட்டாத இடத்துக்குக் கம்பியில்லா இணையம் கொண்டுபோவது பற்றி எதைப் படித்தாலும், கூடவே வரும் படம் ஒன்றுதான். பனி மூடிய மலை, உச்சியில் ஒரு ஆண்டெனா, பக்கத்தில் கம்பளிக் குல்லாவோடு ஒருவர். எங்கள் ஊர் மரக்காணம். மலை என்று ஒன்றைப் பார்க்கவேண்டுமானால் செஞ்சிப் பக்கம் பஸ் ஏறவேண்டும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஜன்னல் வழியே தெரியும் வெள்ளை உப்புக் குவியல்கள், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ஏக்கர் பாத்திகள், சலவைக்கல் பதித்ததுபோல ஒரே மட்டம். அப்புறம் பக்கிங்காம் கால்வாய், கழுவெளி, சவுக்குத் தோப்பு, வரிசையாகக் குப்பங்கள், கடல்.

இவ்வளவு தட்டையான இடத்தில் ரேடியோ அலைக்கு என்ன கஷ்டம் வந்துவிடப்போகிறது? எலக்ட்ரானிக்ஸ் படிக்கச் சேர்ந்தபோது நானும் இப்படித்தான் கேட்டேன். இப்போது கடைசி வருடம். ப்ராஜெக்டுக்காக எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்ததில், தட்டை நிலமும் ஒரு சிக்கலான நிலம்தான் என்று தெரிந்தது. அந்தக் கணக்கையும், அதைவிட முக்கியமாக அந்தக் கணக்கில் வராத ஒன்றையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'மெஷ்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மீனவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வலையின் ஒவ்வொரு ஓட்டைக்கும் கண்ணி என்று பெயர். இங்கிலீஷில் அதுதான் மெஷ். சாதாரண செல்போன் அமைப்பில் ஒரு டவர் நடுவில் நிற்கும், எல்லாக் கருவிகளும் அதனிடம் மட்டுமே பேசும். டவர் போனால் எல்லாம் போச்சு. மெஷ் அமைப்பில் நடு ஆள் என்று யாரும் இல்லை. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சின்ன ரேடியோ பெட்டி இருக்கும். அது தனக்கு வந்ததை வாங்கிக்கொள்ளும், அடுத்தவருக்கு வந்ததைக் கைமாற்றிவிடும். வீடு கட்டும் இடத்தில் சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் ஒருவர் டீ குடிக்கப் போனால், பக்கத்தில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் எட்டி அடுத்தவரிடம் கொடுப்பார். சட்டி நிற்காது. மெஷ்ஷும் அதேதான். எந்த வழி நன்றாக இருக்கிறது என்பதைப் பெட்டிகளே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும்.

இனி கணக்கு. பயப்படவேண்டாம், நாலு எண்கள்தான்.

இரண்டு ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று 'பார்க்க' முடிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அலை நூல் பிடித்தமாதிரி போவதில்லை. நடுவில் உப்பி, இரண்டு முனையிலும் கூம்பி, ஒரு வெள்ளரிக்காய் வடிவத்தில் போகிறது. இதற்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். இந்த வெள்ளரிக்காயின் நடுப்பகுதி தரையில் உரசினால் சிக்னல் இளைத்துவிடும். ஆரத்தில் அறுபது சதவீதமாவது தடையில்லாமல் இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை வைத்து 10 கி.மீ. தூரத்துக்கு இணைப்புக் கொடுக்கவேண்டுமானால் நடுவில் ஏறத்தாழ 10.5 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அதோடு பூமியின் வளைவு ஒன்றரை மீட்டர். ஆக, இரண்டு பக்கமும் 12 மீட்டர் உயரம். உப்பளத்தில் 12 மீட்டர் உயரத்துக்கு எது இருக்கிறது? மாடி வீடு கிடையாது. பனைமரம் காற்றில் ஆடும். சவுக்குத் தோப்போ அலையை உறிஞ்சிவிடும். ஈரமான இலைகளுக்கும் இந்த அலைவரிசைக்கும் ஆகவே ஆகாது.

மலைநாட்டுக்காரர்களுக்கு இயற்கையே டவர் கட்டிக் கொடுத்திருக்கிறது. நேபாளத்தில் மகாவீர் புன் மலைக்கு மலை வைஃபை இணைப்புக் கொடுத்துத் தன் நாங்கி கிராமத்தை உலகத்தோடு சேர்த்தார். அவருக்கு 2007-இல் மகசேசே விருது கிடைத்தது. வெனிசுலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலி குழுவினர் 2007-இல் இரண்டு உயரமான இடங்களுக்கு நடுவே 382 கி.மீ. தூரத்துக்கு வைஃபை இணைப்பை நடத்திக் காட்டினார்கள். அவர்களுக்கு ஆண்டெனா நிறுத்த ஒரு உச்சி இருந்தது. எங்களுக்கு வரப்புதான் இருக்கிறது.

தட்டை நிலத்தில் மெஷ்ஷின் அருமை இங்கேதான் புரியும். அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் தூரத்தை 3 கி.மீ. ஆகக் குறைத்தால் தேவையான உயரம் 6 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஆறு மீட்டர் என்பது ஒரு நல்ல இரும்புக் குழாய், பள்ளிக்கூடக் கொடிக்கம்பம், கோயில் மதில், மீன் ஏலக் கூடத்துக் கூரை. ஒரு பெரிய டவர் கேட்கும் வேலையை நாலு சின்னக் கம்பங்கள் சேர்ந்து முடித்துவிடும். இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே ரேடியோவால் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. அதனால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். கம்பத்துக்கு இரண்டு ரேடியோ வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். உப்புநீர் நிற்கும் பாத்தி, ரேடியோ அலைக்கு நிலைக்கண்ணாடி. அலை நேராகவும் வரும், நீரில் பட்டுத் தெறித்தும் வரும். தெறிக்கும்போது தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று தூக்கிவிடலாம், அல்லது அழித்தே விடலாம். எது நடக்கும் என்பது உயரத்தைப் பொறுத்தது. 5.8 கிகாஹெர்ட்ஸில், 3 கி.மீ. தூரத்தில், இரண்டு பக்கமும் 6 மீட்டரில் வைத்தால் இரண்டு அலைகளும் ஒத்துழைத்துச் சிக்னல் கூடுகிறது. 'இன்னும் உயர்த்தினால் இன்னும் நல்லது' என்று 9 மீட்டருக்குப் பக்கத்தில் ஏற்றினால், கணக்குப்படி கிட்டத்தட்ட முழுவதுமாக அழிந்துபோகிறது! உயர்த்தினால் கெடும் என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கும். ஒரே கம்பத்தில் இரண்டு வேறு உயரங்களில் ஆண்டெனா வைத்து, எது நன்றாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்வது இதற்குத் தெரிந்த வைத்தியம்.

மூன்றாவது எதிரி உப்புக் காற்று. எங்கள் ஊரில் சைக்கிள் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வெளிப்புற ரேடியோவுக்கு மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மேலே போகும். அந்தக் கேபிளின் முனையில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் நேர்மின்சாரமே செப்பு ஊசிகளை அரித்துத் தின்றுவிடும். பெட்டி நன்றாக இருக்கும், ஆண்டெனா நன்றாக இருக்கும், அரை ரூபாய் நாணய அளவு முனை பச்சை பிடித்துச் செத்திருக்கும். கிரீஸ் தடவி, ரப்பர் டேப் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து நீர் சொட்டவிட்டு, அப்புறமும் அடிக்கடி யாராவது ஏறிப் பார்க்கவேண்டும்.

'யாராவது' என்று சொன்னேனே, கணக்கில் வராத விஷயம் அந்தச் சொல்தான். இதைப் பழைய முயற்சிகளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவற்றில் ஒன்று மரக்காணத்துக்கு மிக அருகிலேயே நடந்தது.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கேதான் இணையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் போன்ற கிராமங்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ வழியாகத் தகவல் போகும். மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் சூரியத் தகடுகள். ஊர்தான் இடம் தரவேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. பல மையங்களை நடத்தியது உள்ளூர்ப் பெண்கள். வேகத்தை இன்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் வீராம்பட்டினத்தில் அவர்கள் செய்த வேலை சாதாரணமானதில்லை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அடுத்த நாள் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, ரேடியோவில் அனுப்பி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

2004 டிசம்பர் 26. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். முன்பு ஊர் அறிவு மையத்தில் தொண்டராக இருந்தவர் அவர். செய்தி மையத்துக்குப் போனது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரில் இருந்த 3,600-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறித் தப்பித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர்கள் நின்றன.

இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அன்று கடைசியில் வேலை செய்தது ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி எந்த ஊரில்தான் இல்லை? கோயில் திருவிழாவுக்கு எல்லா ஊரிலும் கட்டுகிறார்கள். இங்கே அதே குழாயில் தினமும் அலை உயரம், மீன் விலை எல்லாம் சொல்லிப் பழகியிருந்தார்கள். அதில் சொன்னால் உண்மையாக இருக்கும் என்று ஊருக்குத் தெரியும். அதனால் "ஓடுங்கள்" என்றதும் ஓடினார்கள். அந்த நம்பிக்கையை சுனாமி அன்று காலையில் உட்கார்ந்து தயாரித்திருக்க முடியாது. ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது அது.

இதற்கு எதிர்ப்பக்கத்துக் கதையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை வைத்து, 2001-இல் மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் கிராம இணைய மையங்கள் வந்தன. இணைப்பின் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்தக் காலத்துக்கு நல்ல வேகம். ஆனால் மையங்களில் பெரும்பாலானவை சில வருடங்களிலேயே மூடப்பட்டன. மையத்தை நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டவில்லை, ரிப்பேருக்கும் ஆதரவுக்கும் தொடர்ந்து ஆள் இல்லை. சிக்னல் போய்ச் சேர்ந்தது, பிழைப்பு போய்ச் சேரவில்லை.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்தது இரண்டுக்கும் நடுவே. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு, சாதாரண வைஃபை பெட்டிகளின் மென்பொருளை மாற்றி எழுதி, தூரத்துக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தது. சாதாரண வைஃபை, பதில் வரச் சில மைக்ரோ நொடிகள் தாமதமானாலே பதறிப்போய்த் திரும்பத் திரும்ப அனுப்பும். இவர்கள் 'உனக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை' என்று நேரத்தைப் பங்கு பிரித்தார்கள். நோயாளி கிராமத்தில், டாக்டர் தேனியில், நடுவில் தெளிவான வீடியோ. இது நிலைத்தது. ஆனால் அந்தக் குழுவே 2008-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் என்ன சொல்கிறது தெரியுமா? கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை ரேடியோவால் வந்தவை அல்ல, தரமற்ற மின்சாரத்தால் வந்தவை. உள்ளூர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பழுதை அவர்களே கண்டுபிடிக்கும்படி செய்த பிறகுதான் நெட்வொர்க் நின்றது. அதே கட்டுரையில் வரும் இன்னொரு நெட்வொர்க், இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் உள்ள ஏர்ஜல்தி மெஷ். அங்கே மின்சாரத்தோடு கூடுதல் எதிரி குரங்கு. கேபிளைக் கடிக்கும், ஆண்டெனாவில் தொங்கும். எங்களுக்கு உப்பு, அவர்களுக்குக் குரங்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று.

சரி, இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். அதெல்லாம் பழைய கதை, இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, பாத்தியில் உப்பு வாரும் பெரியப்பாவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்க்கிறாரே, இனி மெஷ் எதற்கு?

மற்ற நாட்களில் தேவையில்லைதான். நான் யோசிப்பது 2024 நவம்பர் 30 இரவு போன்ற நாட்களை. ஃபெஞ்சல் புயல் அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை. எங்கள் தெருவில் முதலில் மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் சிக்னல் போனது. செல்போன் டவருக்குப் பேட்டரி உண்டு, சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். தண்ணீர் நிற்கும் சாலையில் டீசல் எப்படி வரும்? எக்கியார்குப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டில் என்ன நிலைமை என்று விடியும்வரை தெரியவில்லை. சில கிலோமீட்டர் தூரம்தான். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எங்கள் புயல் டிவியில் தெரிகிறது, எங்களுக்குப் பக்கத்துக் குப்பம் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் வில்லியனூர் மாதிரி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அங்கே கிராமங்களுக்கு நடுவே ஓடியது உள்ளூர் வலை. இணையம் தலைமை மையத்தில் மட்டும். மெஷ்ஷும் அப்படியே. வெளி இணையம் அறுந்துபோனாலும் கம்பத்துக்குக் கம்பம் பேச்சு ஓடும். 'இங்கே தண்ணீர் ஏறுகிறது', 'பிரசவ வலி, வண்டி வேண்டும்', 'பள்ளிக்கூடத்தில் சோறு இருக்கிறது'... இந்தச் செய்திகள் எதுவும் கலிபோர்னியா சர்வர் போய்வர வேண்டியதில்லை. மின்சாரக் கணக்கும் பெரிதில்லை. இரண்டு ரேடியோ உள்ள ஒரு கம்பம் சுமார் 16 வாட் எடுத்தால், நாளைக்கு 384 வாட்-மணி. வீட்டு இன்வர்ட்டரில் வைக்கிறோமே, அந்த 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வெயிலே இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் தாங்கும்.

சட்டமும் முன்புபோல முட்டுக்கட்டை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியிலேயே மத்திய அரசு அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018-இல் திறந்தது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வானி திட்டப்படி ஒரு டீக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் பொது வைஃபை வைக்கலாம். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுவரும் அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. ஃபைபர் வரும் இடத்தில் தொடங்கி உப்பளத்தைத் தாண்டிக் குப்பங்களுக்குப் போவதை மெஷ் பார்த்துக்கொள்ளும். கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் இதே நீண்ட தூர வைஃபையைக் கரையிலிருந்து 40 கி.மீ.க்கு மேல் கடலுக்குள் மீன்பிடிப் படகுவரை கொண்டுபோய், படகுக்குப் படகு தாவவும் விட்டிருக்கிறார்கள்.

எல்லாம் இருக்கிறது. ஆனால் புயலுக்கு மட்டும் என்று ஒரு நெட்வொர்க்கைக் கட்டி வைத்தால், புயல் வரும் நாளில் அது வேலை செய்யாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேபிள் முனை பச்சை பிடித்திருக்கும், பேட்டரியை யாராவது டிராக்டருக்குக் கழற்றியிருப்பார்கள். தினமும் தேவைப்படும் பொருளைத்தான் ஊர் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும்.

தினமும் தேவைப்படுவது என்ன? எங்கள் ஊருக்கு நான் சொல்வேன்: மழை. உப்பு விளைந்து வாரப்போகும் நேரத்தில் ஒரு மணி நேரம் கோடை மழை பெய்தால் போதும், பல நாள் உழைப்பு பாத்தியிலேயே கரைந்துவிடும். வரப்பில் குவித்திருப்பதும் போய்விடும். நாலு மணி நேரம் முன்னால் தெரிந்தால் வாரியதைக் கரையேற்றலாம், கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடலாம். போனில் வரும் மாவட்ட எச்சரிக்கை 'ஓரிரு இடங்களில்' என்று முடிந்துவிடுகிறது. அந்த ஓரிரு இடம் நம் பாத்தியா என்பதுதான் கேள்வி. கழுவெளிப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு சின்ன மழைமானி வைத்தால், அங்கே தூற ஆரம்பித்ததும் இங்கே ஒலிபெருக்கி சொல்லிவிடும். குப்பங்களுக்கு அலை உயரம், உப்பளத்துக்கு மழை. இந்த இரண்டையும் ஒரு வருடம் தவறாமல் சரியாகச் சொல்லிவிட்டால், கம்பத்தில் பச்சை விளக்கு அணைந்ததும் ஊரே வந்து கேட்கும், "என்னப்பா, பெட்டி பேசல?" என்று.

என் ப்ராஜெக்ட் அறிக்கையில் ஆண்டெனா உயரம், அலைவரிசை, வேகம் எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. கடைசியாக ஒரு வரிசை சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு கம்பத்துக்கும் நேராக, அதில் ஏறத் தெரிந்த, அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் இரண்டு பேரின் பெயருக்கான கட்டம். "இது எந்தப் பாடத்தில் வருகிறது?" என்று வழிகாட்டி கேட்டார். எந்தப் பாடத்திலும் இல்லை சார், ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் இடத்தில் கம்பம் நடக்கூடாது என்றேன். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. இதுவரை ஏழு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அதில் நாலு பேர் பெண்கள்.